ஊர் அடுப்பு அணைந்த நாளில் எங்கள் வீட்டுப் புகை

1

எங்கள் ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் ஒரு பத்தி வரும். சரித்திரத்தில் இந்த வாரம் என்னென்ன நடந்தது என்று அதில் போட்டிருப்பார்கள். எங்கள் சூப்பரின்டெண்டு துரைக்கு அதில் பிரியம் அதிகம். அதைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவைப்பது பதினொரு வருஷமாக என் வேலை. சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுப்பது இதற்கில்லை. ஆனால் மற்ற வேலை ஒரு மாதம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிற துரை, இது ஒரு வாரம் தவறினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

அக்டோபர் மூன்றாம் வாரம் கொஞ்சம் கனமான வாரம். பிரெஞ்சு தேசத்து ராணியின் தலையை வெட்டியது இந்த வாரத்தில். துரையின் ஜாதிக்காரர்கள் கடலில் பெரிய சண்டை ஒன்றை ஜயித்ததும், பக்ஸாரில் நவாபுகளை முறியடித்து வங்காளத்தைக் கையில் வாங்கிக்கொண்டதும் இந்த வாரத்தில்தான். நம் திருநெல்வேலிச் சீமையில், கயத்தாற்றில், ஒரு பாளையக்காரரைப் புளியமரத்தில் தூக்கிலிட்டதும் இதே வாரம். கடைசியாகச் சொன்னது பத்திரிகையில் வராது. பழைய ரிக்கார்டுகளைத் தூசி தட்டுகிறவன் என்பதால் எனக்குத் தேதி தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன் இந்த வங்காளத்தை இரண்டாக வெட்டிய நாளும் இந்த வாரத்தில்தான் வருகிறது. அக்டோபர் பதினாறு, வங்காளிகளின் கணக்கில் ஆசுவின மாதம் முப்பதாம் தேதி. போன வருஷம்வரை அந்த நாளில் இங்கே ஊர்முழுக்க அடுப்பு மூட்டமாட்டார்கள். துக்க வீட்டில் போல எல்லாரும் அவலும் பழமும் தின்று, ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் நூல் கட்டிக்கொள்வார்கள். நாட்டை வெட்டினாலும் நாம் உடன்பிறந்தவர்கள் என்று அந்த நூலுக்கு அர்த்தம். சென்ற டிசம்பரில் சக்கரவர்த்தி டில்லியில் தர்பார் நடத்தி, வெட்டியதை ஒட்டிவிட்டேன் என்றார். அதே மூச்சில், தலைநகரம் இனிமேல் கல்கத்தா இல்லை, டில்லி என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே இந்த வருஷம் அந்த நாள் சாதாரண நாளாக வந்து போயிற்று. பவானிபூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் எல்லா வீட்டுக் கரியடுப்பும் காலையிலேயே புகைந்தது. எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து என் கடிதங்களை விரும்பிப் படிக்கிற உங்களுக்கு, அதன் காரணத்தை ஒருவாறு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இராது.

2

தலைநகரம் மாறுகிறதென்றால் அதோடு காகிதமும் போகவேண்டும். பெரிய துரைகள் கோடைக்கு சிம்லா மலை ஏறும்போதெல்லாம் எங்கள் கிளையை மட்டும் இங்கேயே வேகவிட்டுப் போவார்கள். டில்லிக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நாளில் ரயில் ஏறவேண்டும். இரண்டு மாதமாக ரிக்கார்டு அறையில் உட்கார்ந்து, டில்லிக்குப் போகிற கட்டுக்குச் சிவப்புப் பென்சில், எரிக்கிற கட்டுக்கு நீலப் பென்சில் என்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய கணக்கு வழக்கெல்லாம் சிவப்பு. புகார் வந்தால் சிப்பந்திகள் பதிலாக எழுதிக்கொடுக்கிற சமாதானக் காகிதங்களில் மூன்று வருஷத்துக்கு மேற்பட்டவை நீலம். விதி அப்படி.

போன வாரம் ஆயிரத்துத் தொளாயிரத்தெட்டாம் வருஷத்துக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். அதில் என் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் நான் எழுதிக்கொடுத்த சமாதானம். வழவழவென்ற இங்கிலீஷ், ஒரு பிழை கிடையாது. நாலு வரி படித்ததும் காது சூடாகிவிட்டது. அதன் அடியில் வங்காளி எழுத்தில் இன்னொரு தாள் இருந்தது. நான் வங்காளி பேசுவேனே தவிர அந்த எழுத்தைத் தத்தித் தத்தித்தான் படிப்பேன். அதைப் பார்க்காமலே கட்டை மூடி, கோடு போடாமல் ஓரமாக வைத்துவிட்டேன்.

அந்தத் தாளில் எழுதியிருந்தது அடுத்த வீட்டு அம்மாளைப் பற்றி. அவளிடம் அதைச் சொல்லிவிட்டு ரயில் ஏறுவதா, சொல்லாமலே போய்விடுவதா என்பதுதான் ஒரு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. அவளுக்கு அறுபது வயதாகிறது. நான் டில்லியிலிருந்து இந்தச் சந்துக்குத் திரும்பி வரப்போவதில்லை.

3

அவளை நாங்கள் பிஸிமா என்போம். அப்பாவின் அக்காளை வங்காளிகள் அப்படிக் கூப்பிடுவார்கள், நமக்கு அத்தை. எட்டு வயதில் விதவையானவள். தகப்பன் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றில் தனியாக இருக்கிறாள். பெஹாலாவில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற வாழைக்காயில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம் என் மனைவி பர்வதம் ஜுரத்தில் நாற்பது நாள் படுத்தாள். எங்கள் பெண் கோமதிக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு வங்காளியில் தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாது. பிஸிமா தானாக வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாற்பது நாளும் அவளே வைத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது கோமதி வங்காளி பேசினாள். அதற்கப்புறம் அவள் தமிழ் பேசியதெல்லாம் எங்கள் மனது நோகக்கூடாதென்றுதான்.

பிஸிமாவுக்கு ஒரு தம்பி இருந்து காலராவில் போய்விட்டானாம். அவனுக்கு என் வயது. அதனால் என்னைத் தம்பி என்று பொருள்படும் ‘பாயி’ என்றுதான் கூப்பிட்டாள். அவர்கள் பாஷையிலும் நீ, நீங்கள் உண்டு. என்னை நீ என்றாள். உறவென்று ஒருவரும் இல்லாத ஊரில் ஒரு வயதானவள் நீ என்று கூப்பிடுவது எத்தனை பெரிய விஷயம் என்று, பெரியப்பா சித்தப்பா புடைசூழ இருக்கிற உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

வங்காளத்தை வெட்டிய அன்று அவள் மஞ்சள் நூலோடு வந்து என் கையில் கட்டினாள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் கட்டினாள். சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பாதி ஆபீஸ் அப்படித்தான் வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. பர்வதத்துக்கு அதில் இரட்டிப்புச் சந்தோஷம். வருஷத்தில் ஒரு நாள் அவளுக்கும் ஓய்வு.

4

என் தகப்பனார் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர். சர்க்கார் என்றால் அவருக்கு நடுக்கம். தாசில்தார் வருகிறார் என்றால் முதல் நாளிலிருந்தே சாப்பாடு செல்லாது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு தரம் வண்டியில் கயத்தாறு வழியாகப் போனோம். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அங்கே கற்கள் குவியலாகக் கிடந்தன. பாளையக்காரரைத் தூக்கிலிட்ட இடம் அது. வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் போட்டுப் போட்டு வளர்ந்த குவியல். அப்பா ரஸ்தாவில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்துக் குவியலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வண்டியில் ஏறிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. ஏன் கல் வைத்தீர்கள் என்று கேட்டேன். பேசாமல் வா என்றார்.

அவர் ஆயிரத்துத் தொளாயிரத்து நாலில் ஒரு புரட்டாசி மாதம், தேய்பிறை சஷ்டியில் காலமானார். எனக்குக் கடிதம் வந்து சேரும்போது பத்துக் காரியமே முடிந்துபோயிருந்தது. கொள்ளி வைக்காத பிள்ளை நான். அதனால் வருஷத் திதி ஒன்றையாவது குறைவில்லாமல் செய்யவேண்டுமென்று ஒரு வைராக்கியம் இருந்தது.

திதி தேய்பிறை வளர்பிறையைப் பார்த்து வருகிறது. இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. இது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் துரைக்குத்தான் தெரியவில்லை. தொளாயிரத்தெட்டில் அந்த சஷ்டி அக்டோபர் பதினாறில் வந்து விழுந்தது. அதாவது அடுப்பு மூட்டாத நாளில்.

அந்த வருஷம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை வந்து, எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டோம். பதினாறாம் தேதி கையில் நூலோடு காணப்படுகிற சிப்பந்தி உத்தியோகத்துக்கு லாயக்கில்லாதவன் என்று அதன் சாரம். கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் நான் அதே தேதிக்கு லீவு கேட்டுப் போய் நின்றேன். காரணம், தகப்பனார் திதி.

துரை லீவுப் பதிவேட்டை வரவழைத்தார். போன வருஷம் இதே காரணத்துக்கு நான் லீவு எடுத்தது செப்டம்பர் கடைசியில். அதற்கு முந்திய வருஷம் அக்டோபர் இரண்டாம் வாரத்தில். இந்த வருஷம் பதினாறாம் தேதி. துரை மூன்று இடத்திலும் விரலை வைத்துக் காட்டினார்.

“ஒரு மனிதனின் தகப்பன் ஒரே நாளில்தானே செத்திருக்க முடியும்?”

சந்திரனைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய்போலப் பட்டது. சரித்திரத்தில் யார் யார் எந்தத் தேதியில் செத்தார்கள் என்று நோட்டு வைத்திருக்கிறவரிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது எப்படி? கடைசியில், காளிகாட்டில் இருக்கிற, நமக்குத் திதி செய்துவைக்கிற வாத்தியாரிடம் தேதியை எழுத்துமூலம் வாங்கிவரச் சொல்லி, லீவு கொடுத்தார். கொடுக்கும்போது, அன்று உன் வீட்டில் சமையல் உண்டல்லவா என்று கேட்டார். உண்டு என்றேன். நல்லது என்றார்.

5

அன்று விடிந்தபோது கல்கத்தாவின் வானம் சுத்தமாக இருந்தது. வழக்கமாகக் காலையில் இந்த ஊரின் மேல் கரிப்புகை போர்வைபோலக் கவிந்திருக்கும். அன்று எந்த வீட்டிலும் புகையில்லை. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒரு கோடு நேராக எழும்பி ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நின்றது. பர்வதம் ஈரப் புடவையோடு கரியாஹாட் சந்தையில் வாங்கிய பாகற்காயையும் பிஸிமா கொடுத்த வாழைக்காயையும் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். எள்ளும் நெய்யும் வாசனை. தகப்பனாருக்குப் பசிக்குமே, ஊர் பட்டினி கிடக்கிறதென்று அவரைப் பட்டினி போடமுடியுமா?

வாத்தியார் வந்து, ஓமத்துக்கு உட்காரப்போகிற சமயம். நான் குளித்து மடியாக இருந்தேன். வாசலில் பிஸிமா நூலோடு நின்றாள். கோமதி ஓடிவந்தாள்.

“அப்பா, பிஸிமா டாக்கறா.”

டாக்கறா என்றால் கூப்பிடுகிறாள். வங்காளி வார்த்தைக்குத் தமிழ் வாலை ஒட்டிப் பேசுவது அவள் வழக்கம். மற்ற நாளில் திருத்துவேன். அன்று வாசலுக்குப் போனேன். பிஸிமா ஒன்றும் யோசிக்காமல் என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் சடக்கென்று பின்வாங்கிவிட்டேன்.

சிராத்தம் செய்கிறவன் மடியை விட்டால் மறுபடி குளிக்கவேண்டும். அவள் தொட்டிருந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். கோமதியை விட்டு அதைச் சொல்லச் சொன்னேன். எனக்கு அந்த நேரத்தில் வங்காளி வாயில் வரவில்லை. பிஸிமா உடனே இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். மடி, எச்சில், தீட்டு என்றால் வங்காளி விதவைக்கு நாம் ஒன்றும் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. தகப்பனார் சாப்பிட்டு முடிக்கட்டும், மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிப் போனாள்.

வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரே ஆறுதல். அப்பாடா, இன்றைக்கு நூல் கட்டிக்கொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்கிற ஆறுதல். பிண்டத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது இதைத்தான்.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். காக்காய் பிண்டத்தை எடுத்தது. நாங்களும் சாப்பிட்டோம். மடி முடிந்துவிட்டது. பிஸிமா சொன்னபடியே மறுபடி வந்தாள். நான் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கோமதி வந்து நின்றாள்.

“அப்பா தூங்கறார்னு சொல்லு” என்றேன்.

“நீங்க முழிச்சுண்டுதானே இருக்கேள்?”

“சொல்லு.”

ஒன்பது வயதுக் குழந்தை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் வங்காளியில் அழகாகச் சொன்னாள். களைப்பு, சாப்பாடு, இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்றெல்லாம் அவளே சேர்த்துக்கொண்டாள். தூங்கட்டும், எழுப்பாதே என்று பிஸிமா சொன்னது என் காதில் விழுந்தது. கோமதி திரும்பி வந்தபோது நூல் அவள் கையில் கட்டியிருந்தது. என்னிடம் அதைக் காட்டவில்லை. நேரே சமையலறைக்குள் போய்விட்டாள். பர்வதம் என்னைப் பார்த்து, “மடிதான் முடிஞ்சாச்சே” என்று மட்டும் சொன்னாள்.

6

அன்று சாயங்காலம் சந்தில் நாலு பேர் கூடி எங்கள் வீட்டுப் புகையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மதராஸிக்காரன் வேண்டுமென்றே துரைக்குக் காட்ட அடுப்பு மூட்டினான், இனிமேல் அந்த வீட்டுக்கு வண்ணான் வரக்கூடாது, தண்ணீர்க்காரன் வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்கிற மட்டுக்கும் வந்துவிட்டதாம். பிஸிமா அங்கே போய் நின்று, செத்தவர்களுக்குச் சோறு போடாத ஜாதி எது என்று கேட்டிருக்கிறாள். நூலை நானே என் கையால் அவன் கையில் கட்டினேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அதோடு பேச்சு அடங்கியது. எனக்கு இது மறுநாள் தெரிந்தது. நிம்மதியாக இருந்தது. போய் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

அவள் சொன்னது சந்தோடு நிற்கவில்லை. யாரோ ஆபீசுக்கு எழுதிப்போட்டுவிட்டார்கள். எட்டாம் நாள் என் மேஜைமேல் காகிதம் வந்தது. சுற்றறிக்கைக்கு விரோதமாக நூல் கட்டிக்கொண்டதாகத் தகவல். இருபத்துநாலு மணி நேரத்தில் சமாதானம் சொல்லவேண்டும்.

நான் எழுதியதைத் தமிழில் தருகிறேன். நான் நூல் கட்டிக்கொள்ளவில்லை. மேற்படி விதவை இருமுறை என் வீட்டு வாசலுக்கு வந்தும் நான் மறுத்துவிட்டேன். அவள் சொன்னது முழுப்பொய். அந்த வீட்டாரோடு எனக்கு எவ்விதச் சிநேகமும் கிடையாது.

முதல் மூன்றும் ஒருவகையில் உண்மை. நான்காவதை யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன். எழுதும்போது வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதே என்றுகூட இருந்தது. மேல்நடவடிக்கை இல்லை என்று பத்து நாள் கழித்துச் சொல்லிவிட்டார்கள். துரை நோட்டை நீட்டி, அந்த வாரத்துப் பத்தியை ஒட்டச் சொன்னார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் பிஸிமா என்னைப் பாபு என்று கூப்பிட ஆரம்பித்தாள். நீ என்பது நீங்கள் ஆயிற்று. வாழைக்காய் வழக்கம்போல வந்தது. கோமதிக்குத் தலை பின்னிவிட்டாள். பர்வதத்தோடு சுவரோரம் நின்று பேசினாள். நான் எதிர்ப்பட்டால் மட்டும், வாருங்கள் பாபு, சௌக்கியமா பாபு. தூங்குவதாகச் சொல்லச் சொன்னதில் மனத்தாங்கல் போலிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருஷமாயிற்று, சரியாகவில்லை. அடுத்த மூன்று வருஷமும் அவள் நூல் கொண்டுவரவும் இல்லை. அதை நான் சௌகரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

7

மறு வருஷம் கோமதியைக் கல்யாணம் செய்து கொடுத்தோம். இரண்டு வருஷம் எங்களோடு இருந்து, போன வருஷம் அம்பாசமுத்திரத்தில் புக்ககம் போய்விட்டாள். ஊரில் இருக்கிறவர்கள் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதென்று அழுவார்கள். நான் என் பெண்ணைச் சொந்தச் சீமைக்கே அனுப்பிவிட்டு, அவள் அங்கே அந்நியமாக இருக்கிறாளே என்று கவலைப்படுகிறேன். பேசினால் சிரிக்கிறார்களாம். அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டாளாம்.

இந்த வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு என்று நாலு வரி தமிழில்; பிஸிமாவுக்கு என்று இரண்டு பக்கம் வங்காளியில். எனக்கு எழுதியதில் பாதி இது: “போன வருஷம் ஆசுவினம் முப்பதுக்கு நான் அடுப்பில் வைத்தது எதுவும் சாப்பிடவில்லை. புரட்டாசி விரதம் என்று மாமியார் சந்தோஷப்பட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வங்காளத்தை ஒட்டிவிட்டார்களாமே, இந்த வருஷமும் இருக்கணுமா வேண்டாமா? பிஸிமாவைக் கேட்டு எழுதுங்கோ.”

கடிதம் வந்து சேர்ந்தது அந்த முப்பதாம் தேதியன்றுதான். அவள் சாப்பிட்டாளோ, பட்டினி கிடந்தாளோ. எப்படியும் என் பதில் அவளுக்கு நேரத்தில் எட்டப்போவதில்லை. ஆனாலும் பிஸிமாவுக்கு எழுதியதைக் கொடுக்கவேண்டும். ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வாசற்படியை அன்று சாயங்காலம் மிதித்தேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒற்றை வேளைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கடிதத்தை மூக்கருகே வைத்து நெடுநேரம் படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள், எங்கே என்று நான் கேட்கவில்லை. இனிமேல் சாப்பிடச் சொல்லி எழுதுங்கள், வளர்கிற பெண் என்றாள். பிறகு டில்லியில் குளிர் அதிகமாமே பாபு என்று ஆரம்பித்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மத்தியானம் தூங்கவில்லை என்பதைச் சொன்னேன். மடி முடிந்திருந்ததைச் சொன்னேன். ஆபீசுக்கு எழுதிக்கொடுத்ததை, அந்த நான்காவது வாக்கியம் உட்பட, வங்காளியில் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“தெரியும்” என்றாள். “ஆபீசிலிருந்து ஒரு மனிதர் வந்தார். நீங்கள் எழுதியதைப் படித்து அர்த்தம் சொன்னார். யார் சொல்வது நிஜம் என்று கேட்டார். நான் கட்டினேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேலை போகும் என்றார்.”

அதனால் என்ன சொன்னாய் என்று கேட்டேன். என்னை அறியாமல் அவளை நான் நீ என்று கேட்டுவிட்டேன்.

“நான் சந்தில் சொன்னது பொய், அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று காளியின் பேரில் ஆணையிட்டு ரேகை வைத்தேன். ஆணையிட்டதற்கப்புறம் உங்களைத் தம்பி என்று எப்படிக் கூப்பிடுவேன், பாபு?”

கோபமில்லை. குத்திக் காட்டவுமில்லை. நமக்கு மடி எப்படியோ அப்படி அவளுக்கு ஆணை, வைத்தால் வைத்ததுதான். இத்தனை வருஷம் அவளுக்கு என்மேல் மனத்தாங்கல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காக இட்ட ஆணையை ஒவ்வொரு பேச்சிலும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் கையை நீட்டினேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் குழந்தைபோல நீட்டினேன். நூல் இருந்தால் கட்டு என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பார்த்தாள்; தொடவில்லை.

“நூல் எதற்கு இப்போது? அதெல்லாம் முடிந்துபோயிற்றே. இருட்டுவதற்குள் போங்கள், பாபு. பர்வதம் தேடுவாள்.”

8

மறுநாள் ஆபீசில் அந்தக் கட்டைப் பிரித்து, முன்பு படிக்காமல் விட்ட தாளை எடுத்தேன். நாலு வரி வங்காளி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அவள் சொன்ன அதே வார்த்தைகள். அடியில் ஒரு கட்டை விரல் ரேகை, கொஞ்சம் கலங்கியிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். கோமதிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். சிநேகமில்லை என்கிற பொய்யின் கீழே தன் பெயரை எழுத அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. நான் மூன்று இனிஷியலோடு என் முழுப்பெயரை எழுதியிருந்தேன்.

விதிப்படி அதற்கு நீலப் பென்சில். முற்றத்தில் கணப்பு மூட்டிக் கட்டுக் கட்டாக எரித்துக்கொண்டிருந்தார்கள். போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. துரை பக்கத்து அறையில் இருந்தார். குமாஸ்தாக்கள் இருவர் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு தாளின் மேலும் கோடு போட்டேன். எழுந்துபோய் டில்லிப் பெட்டியில், மற்றக் கட்டுகளின் மேலே வைத்தேன். வைக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை.